வளைவில் 1963, கணக்கில் 1964

எங்கள் கல்லூரியின் பழைய பதிவேடுகளில் கடைசிக் கட்டு வரைக்கும் போன வாரம் காடாத் துணியில் சுற்றி அலமாரியில் ஏற்றியாகிவிட்டது. 2022 மார்ச்சில் தொடங்கிய வேலை, பதினேழு மாதம் இழுத்தது. நான் இங்கே வரலாறு நடத்துகிறவள். "வைரவிழா மலருக்கு நம்ம காலேஜ் வரலாறு ஒரு இருபது பக்கம் எழுதிக் குடுங்க" என்று செயலாளர் கேட்டபோது, பழைய மலர்களை வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சரி சொன்னேன். கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ஒரு சிற்றூர்க் கல்லூரி. பெயர் வேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

வாசல் வளைவில் சிமெண்டில் புடைப்பாக நிற்பது 1963. வெள்ளிவிழா மலரிலும் அதே வருசம்தான். அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை, நானும்தான்.

மாடிப்படிக்குக் கீழே

பழைய ரெக்கார்டு எல்லாம் மெயின் பிளாக் மாடிப்படிக்குக் கீழே, எட்டுக்குப் பத்து அடி அறையில் கிடந்தன. பூட்டுக்குச் சாவி இல்லை, வெட்டித்தான் திறந்தோம். உள்ளே உடைந்த மைக், விளையாட்டு விழாக் கொடிகள், மூன்று இரும்பு அலமாரி, தரையில் இடுப்பளவுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம். தரையோடு ஒட்டியிருந்த கட்டுகளைத் தூக்கினால் அடியில் கரையான் மண். மேலே புல்ஸ்கேப் அளவுக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரு கட்டு, கையில் எடுத்ததும் ஓடு மட்டும் வந்தது. 1972 முதல் 1975 வரையிலான கடிதப் போக்குவரத்து அதோடு போயிற்று.

முதல் தப்பு அன்றே நடந்தது. ஆர்வத்தில் நாலு பையன்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போடச் சொன்னேன். எது எதோடு இருந்தது என்பது ஒரு மணி நேரத்தில் அழிந்துபோனது. பழைய கிளார்க் ஒருவர் ஒரு அலமாரியின் நடுத்தட்டில் முதல் பத்து வருசக் கணக்கை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாராம். அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவர எனக்கு இரண்டு மாதம் ஆனது. இனி எந்த அறையைத் திறந்தாலும், கை வைப்பதற்கு முன் தட்டுத் தட்டாகப் போட்டோ எடுத்து, கட்டுக்குக் கட்டு பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டைச் செருகிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அந்தக் கிளார்க் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். 1971-இல் வேலைக்குச் சேர்ந்தவர். செய்தி கேட்டு மறுநாள் காலையிலேயே டிவிஎஸ் மொபெட்டில் வந்துவிட்டார். அய்யா என்றுதான் கல்லூரியில் எல்லோரும் கூப்பிடுவோம். நனைந்திருந்த சில பதிவேடுகளை நான் மொட்டை மாடியில் வெயிலில் விரித்து வைத்திருந்தேன்.

"அதைய எதுக்குங் அம்மிணி வெயில்ல போட்டீங்க? அப்பளமாட்ட சுருண்டுக்குமுங்களே."

சுருண்டுதான் இருந்தது. அதன் பிறகு நிழலில், ஃபேனுக்குக் கீழே, பத்து பத்துத் தாளுக்கு நடுவில் மையொற்றித் தாள் வைத்து, ஒற்றித் தாளை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி உலர்த்தினோம். வெயிலில் சுருண்டவை இன்றைக்கும் நேராகவில்லை.

பூச்சி

தூசு தட்ட இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ், புதியது, மென்மயிர். முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தட்ட வேண்டும். மாஸ்க் இல்லாமல் அரைநாள் செய்து மூன்று நாள் இருமினேன். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் செருகி, துருவைத் தளர்த்திய பிறகு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுபது ஊசிக்கு மேல் என்னால் முடியவில்லை.

தாளை அரிக்கிற வெள்ளி நிற இராமபாணப் பூச்சிதான் பெரிய எதிரி. அலமாரியில் பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன். பூச்சி சாகவில்லை, எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். பிறகு, ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் மார்கழியில் வியாபாரம் மந்தமென்று ஒரு டீப் ஃப்ரீசரைக் கொடுத்தார். பதிவேடுகளைக் கெட்டியான பாலிதீன் பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. முழுதாக ஒரு நாள் அப்படியே விட்டால்தான் வியர்வை பையின் வெளிப்பக்கத்தோடு நிற்கும். இரண்டாவது லோடில் அவசரப்பட்டுப் பிரித்தேன். ஊதா மையில் எழுதிய ஒரு பக்கம் கண்ணெதிரே கசிந்தது. கருநீல மை பொதுவாகத் தாங்குகிறது, ஊதா தாங்குவதில்லை. ஈரம் படக்கூடிய எந்த வேலைக்கும் முன்னால், ஓரத்தில் ஒரு எழுத்தின் மேல் ஈரப்பஞ்சை ஒற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வைக்க அமிலமில்லாத அட்டைப் பெட்டி நல்லது. ஒன்று 450 ரூபாய் என்பதால் ஆறுதான் வாங்க முடிந்தது. மீதிக்கு ஈரோட்டிலிருந்து காடாத் துணி. இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. துணியை அலசாமல் அப்படியே சுற்றிவிட்டேன். தறித் துணியில் ஏறியிருக்கும் கஞ்சி பூச்சிக்கு விருந்து. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் உள்ளே வெள்ளி வெள்ளியாக ஓடுகிறது. அத்தனையையும் அவிழ்த்து, வெந்நீரில் இரண்டு அலசு அலசிக் காயவைத்து மறுபடி சுற்றினோம்.

செல்லோ டேப் ஒட்டிய பக்கங்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். 1980-களில் யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டியது. டேப் உதிர்ந்து, பசை மட்டும் பழுப்பாக எழுத்துக்குள் இறங்கியிருக்கிறது. லேமினேஷன் செய்யலாமா என்று கேட்டவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன்.

படம் எடுத்தது

ஸ்கேனரில் கனமான பேரேட்டைக் கவிழ்த்தால் முதுகு உடையும். ஆகவே முக்கால் அங்குல பிவிசி பைப்பில் ஒரு ஸ்டாண்ட் செய்தோம். அடியில் கறுப்பு அடித்த பிளைவுட், மேலே குறுக்குப் பைப்பில் போன் ஹோல்டர், இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் எல்இடி பட்டை. போட்டோ ஃபிரேம் கடையில் 4 மில்லிமீட்டர் கண்ணாடி, ஓரம் தேய்த்தது, 18-க்கு 14 அங்குலம். வளைந்த பக்கத்தை அது மெதுவாக அழுத்திப் பிடிக்கும். மெல்லிய தாளாக இருந்தால் பின்பக்க எழுத்து தெரியாமல் இருக்க அடியில் கறுப்பு சார்ட் ஒன்று.

என் போன் 12 மெகாபிக்சல், அதாவது நீளவாக்கில் 4,000 புள்ளி. 13 அங்குலப் புல்ஸ்கேப் பக்கத்தைத் தனியாக எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குச் சற்று மேல் கிடைக்கும். விரித்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து, 16 அங்குலத்தை எடுத்தால் 250. பென்சில் குறிப்புகள் 250-இல் மங்கிவிடுகின்றன. முதல் 900 படத்தைச் சேர்த்தே எடுத்துத் தொலைத்தேன். அதில் ரொக்கப் பேரேடு மட்டும் மறுபடி எடுத்தேன், மற்றவை அப்படியே.

அதைவிட மோசம், கோப்புகளுக்குப் பெயர் வைக்காமல் விட்டது. 3,000 படம் சேர்ந்த பிறகு எது எந்தப் பேரேடு என்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு பேரேட்டுக்கும் ஒரு எண். படம் எடுக்கத் தொடங்கும்போது அந்த எண்ணைப் பெரிதாக எழுதிய அட்டையை முதல் படமாக எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஆறு அங்குல ஸ்கேல். மொத்தம் 6,200 படம், ஏறக்குறைய 25 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஒன்று கல்லூரியில், ஒன்று என் வீட்டு பீரோவில்.

ஆடிக் காற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரி என்று யாரும் நம்பமாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஒரு மத்தியானம் ஜன்னலைத் தள்ளித் திறந்தது. கட்டு அவிழ்த்து வைத்திருந்த நன்கொடை ரசீதுகள் கிரவுண்டு வரைக்கும் போயின. வேலி முள்ளிலிருந்து பொறுக்கியது போக, எண்ணிப் பார்த்தால் மூன்று குறைந்தது. அதற்குப் பிறகு தாளுக்கு மேல் எப்போதும் ஒரு பாரம் இருக்கும். அய்யா வீட்டிலிருந்து பழைய படிக்கல் கொண்டுவந்து கொடுத்தார்.

ந.பை.

அந்த ரசீதுகளில் பாதிக்கு மேல் தேதியே இல்லை. நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1 முதல் "நயா"வை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். ஆகவே "ரூ. / ந.பை." என்று அச்சிட்ட ரசீது எல்லாம் 1964 ஜூனுக்கு முந்தியது என்று பிரித்து, 1963 என்று எழுதிய கவரில் போட்டேன். மலரில் இருக்கும் வருசத்தோடு ஒத்துப்போனதில் ரொம்ப சந்தோஷம். ஐந்து நாள் வேலை.

எல்லாம் வீண். அதே புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு ரசீதில் "18-11-65" என்று கையால் எழுதியிருந்தது. அச்சடித்த புத்தகம் தீர்கிற வரைக்கும் அதைத்தானே உபயோகிப்பார்கள்? எங்கள் லெட்டர்பேடில் மட்டும் என்ன, 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆன பிறகும் பழைய தாளிலேயே மேலே ரப்பர் ஸ்டாம்பு குத்தி ஓட்டியிருக்கிறார்கள். அச்செழுத்தை வைத்துத் தேதி சொல்லக் கூடாது, புத்தக எண்ணையும் ரசீது எண்ணையும் பேரேட்டு வரியோடு கோத்துத்தான் சொல்ல வேண்டும் என்று கவரையெல்லாம் பிரித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எழும்பூர், முதல் தடவை

கல்லூரி தொடங்க அனுமதித்த அரசாணையின் நகல் எங்களிடம் இல்லை. 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் வருகிறவரை நாங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்தோம் என்பதால் அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் சென்னைப் பக்கம்தான். 2023 ஜனவரியில் சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூர் ஆவணக் காப்பகம் போனேன். அரசாணை வேண்டுமென்றால் துறை, எண், தேதி மூன்றும் சொல்ல வேண்டும். எண் தெரியாவிட்டால் அந்த வருசத்துக் குறியீட்டுத் தொகுதியில், அதாவது இண்டெக்ஸில், தேடிக்கொள்ள வேண்டும். 1963 தொகுதியைக் கல்வித் துறைப் பக்கங்களில் இரண்டு நாள் வரி வரியாக ஓட்டினேன். சந்தேகத்துக்கு 1962-ஐயும் பார்த்தேன். எங்கள் ஊர் பெயரே இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

தை

மே மாதம் நிர்வாகக் குழுவின் முதல் நடவடிக்கைக் குறிப்பேடு கைக்கு வந்தது. பழைய மாணவர் விடுதியில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. மேலே பிள்ளையார் சுழி, கீழே "சோபகிருது வருஷம் தை மாதம்" என்று தொடங்கும் தீர்மானம்: அடிக்கல் நாட்டு விழா, வசூல் கமிட்டி, முதலமைச்சர் பக்தவத்சலம் அவர்களுக்கு மனு அனுப்புவது.

எனக்கு உறுத்தியது. சோபகிருது என்றால் 1963 என்று வெள்ளிவிழா மலரே அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. 1963 தையில் முதலமைச்சர் காமராசர். அவர் விலகியது 1963 அக்டோபர் 2-ஆம் தேதி, அதன் பிறகுதான் பக்தவத்சலம். குறிப்பேடு பிற்காலத்தில் யாரோ பெயர்த்தெழுதிய நகலோ என்று கூட யோசித்து, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

அய்யா பக்கத்தில் உட்கார்ந்து ஊசி எடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் தினசரிக் காலண்டர்.

"ஏனுங் அம்மிணி, இப்ப நடக்கறது என்ன வருசமுங்?"

"2023."

"தமிழ் வருசங்."

காலண்டரைப் பார்த்தேன். சோபகிருது. அறுபது வருசச் சுற்று முடிந்து அதே பெயர் வந்து நிற்கிறது.

"அப்ப இந்த சோபகிருதுல வர்ற தைப் பொங்கலு எந்த வருசத்துலீங் வரும்?"

2024. சித்திரையில் பிறக்கிற வருசம் தையைத் தொடும்போது இங்கிலீஷ் வருசம் ஒன்று கூடிவிடுகிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டில் காலண்டர் மாற்றுகிற எனக்கு இது தெரியாதா என்ன? தெரியும். மலரில் அச்சாகியிருந்ததால் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சோபகிருது தை என்பது 1964 ஜனவரி-பிப்ரவரி. மலரைத் தொகுத்தவர் சோபகிருது = 1963 என்று மொத்தமாகப் போட்டுவிட்டு, அந்த ஜூலையிலேயே கல்லூரியைத் திறந்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் தானாக உட்கார்ந்தது. முதல் ரொக்கப் பேரேட்டில் கட்டட வாடகை முதன்முதலாக 1964 ஜூலையில் விழுகிறது. "எழில்மிகு வளாகத்தில் மலர்ந்தது" என்று மலர் சொல்லும் கல்லூரி தொடங்கியது ஒரு பஞ்சு கோடவுனில். மாத வாடகை 60 ரூபாய். அடுத்த வரி: "பஞ்சுத் தூசி கூட்ட ஆள் 2, கூலி ரூ. 3". அதற்கடுத்து: "மணிக்குத் தண்டவாளத் துண்டு 1, வண்டிச் சத்தம் சேர்த்து ரூ. 4.50". சத்தம் என்றால் வண்டி வாடகை. அந்தத் தண்டவாளம் இன்றும் கேன்டீன் பக்கம் வேப்பமரத்தில் தொங்குகிறது. வரவுப் பக்கத்தில் பருத்திப் பொதிக்கும் மஞ்சள் மூட்டைக்கும் வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கென்று விட்ட மகமை, நடுவில் "காங்கயம் காளைக்கன்று 1, ஏலத்தில் ரூ. 140". கன்று கொடுத்தவர் பெயர் மலரின் நன்கொடையாளர் பட்டியலில் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தவர்களை மட்டும்தான் அதில் சேர்த்திருக்கிறார்கள் போல.

புகுமுக வகுப்பின் முதல் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். முதல் ஆறு மாதம் ஒழுங்காகக் கோடும் புள்ளியும். 1965 ஜனவரி 25-க்குப் பிறகு கட்டங்கள் வெறுமை, அதுவும் பக்கக் கணக்கில். இந்தி எதிர்ப்புப் போராட்டம். மலரில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் வருசமே பாதியில் நின்ற கல்லூரி இது என்பதை அந்த வெற்றுக் கட்டங்கள்தான் எனக்குச் சொல்லின. 1963-இல் தொடங்கியிருந்தால் அதற்கு முந்திய ஒரு வருசப் பதிவேடு இருந்தாக வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டிலும் வரிசை எண் 1, 1964 ஜூலைதான்.

ஜூனில் இரண்டாவது முறை எழும்பூர். 1964 தொகுதி. முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அரசாணை கிடைத்துவிட்டது.

செலவு

ஸ்டாண்ட் பைப்பும் இணைப்பும் 420, பிளைவுட் 350, எல்இடி 640, கண்ணாடி 280, பிரஷ், மாஸ்க் 310. மையொற்றித் தாள் 30 எண்ணம் 660. கிழிசல் ஒட்ட ஜப்பான் தாள் 900. அதற்கு மயில்துத்தம் போடாத வெறும் கோதுமை மாவுப் பசையே போதும். பெட்டி ஆறு 2,700, காடாத் துணி 12 மீட்டர் 720. ஹார்டு டிஸ்க் இரண்டு 8,400. சென்னைப் பயணம் இரண்டும் 3,900. ஆகமொத்தம் 19,280. கல்லூரி 10,000 கொடுத்தது, மீதி என் கை. ஃப்ரீசருக்கு வாடகை கேட்கவில்லை, மலரில் நன்றி மட்டும் போடச் சொன்னார்.

அடுத்த முறை செய்தால் மலர்களைக் கடைசியில்தான் படிப்பேன். ரொக்கப் பேரேடு, சேர்க்கை, வருகை, நூலகப் பதிவேடு இந்த வரிசையில் தொடங்குவேன். அப்படிச் செய்திருந்தால் ஜனவரிப் பயணம் மிச்சம். சேர்க்கைப் பதிவேட்டுப் படங்களை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் சாதி, தகப்பனார் வருமானம், மார்க் எல்லாம் அதில் இருக்கிறது, அவர்களில் பலர் இன்று ஊரில் பேரன் பேத்தியோடு நடமாடுகிறார்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் எண்ணித் தருகிறேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனேன். 2023 ஜூலையில் அறுபது வருசம் நிறைவு என்று பத்திரிகை 2,000 அடித்து வந்து மேஜையில் இருந்தது. பேரேட்டையும் குறிப்பேட்டையும் பொறுமையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"பத்திரிகை அடிச்சாச்சுங்களே அம்மிணி."

அய்யாதான் விரல் விட்டு எண்ணினார். 1964 ஜூலையில் முதல் வருசம் என்றால் 2023 ஜூலையில் அறுபதாவது வருசம் தொடங்குகிறது. "நிறைவு"க்கு மேல் "தொடக்கம்" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் தேதியை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டிக்கர் 600 ரூபாய் ஆனது. அந்த வாரம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். வளைவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, சிமெண்டில் இருக்கும் 3-ஐக் கொத்தி 4 ஆக்கினால் பக்கத்திலிருக்கும் 6-ம் சேர்ந்து பெயரும் என்றார்.